அடுப்பங்கரையில் உட்கார வைக்கப்பட்ட கூலியாள் குறித்து

அனுப்புநர்:
செ. மு. கிஃபாயத்துல்லா,
சோற்றுக்கடை,
ரயில்வே குடியிருப்புக்கு எதிர்ச் சந்து,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
உணவுக்கடை லைசென்ஸ் அதிகாரி துரை அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: என் கடைமீது சாட்டப்பட்ட குற்றத்தை நீக்கவும், அழுக்குடை அணிந்தோரைக் கடைக்குள் விடக்கூடாதென்ற உத்தரவை ரத்துசெய்யவும் வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பதினொரு வருஷமாக இச்சந்தில் கடை நடத்துகிறேன். ரயில்வே ஊழியர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் என் வாடிக்கைக்காரர்கள். இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

2. சென்ற மாதம், கொட்டும் மழையில் ஒருவர் நனைந்து வந்தார். கிழிந்த சட்டை, வெறுங்கால், உடம்பெல்லாம் நடுக்கம். தோட்டத்தில் ஆள் குறைத்துவிட்டதாகவும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். ரப்பர் விலை விழுந்த இந்நாளில் அப்படிப்பட்டவர்கள் தினம் நாலு பேர் வருவதால் நான் சந்தேகிக்கவில்லை. "குளிர் தாங்கலண்ணே, அடுப்புக்கிட்ட கொஞ்சம் உக்காந்துக்கவா?" என்று அவரே கேட்டார். உட்கார வைத்தேன். என் மனைவி ஹபீபா உலர்ந்த கைலி ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். சோற்றையும் மீன்குழம்பையும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஐந்து நாள் இப்படியே வந்தார். ஆறாம் நாள் காணாததால், காய்ச்சலில் எங்கேனும் கிடக்கிறாரோ என்று சமையல் பார்க்கும் பண்டாரி ஜெய்னுதீனைத் தேடிவர அனுப்பினேன்.

3. அதற்குள் தங்கள் அலுவலகமே என்னைத் தேடி ஆளனுப்பிவிட்டது. விசாரணைக்கு வந்தபோது, வெள்ளை டிரில் சூட்டும் பளபளக்கும் பூட்ஸும் அணிந்து அதே ஆள் நாற்காலியில் வீற்றிருக்கக் கண்டேன். சுகாதார இன்ஸ்பெக்டர் திரு. டொமினிக் என்றார்கள். நோயாளி இத்தனை சீக்கிரம் தேறி, உத்தியோகமும் பெற்றுவிட்டது கண்டு முதலில் மகிழ்ந்தேன்.

4. அவர் வாசித்த குற்றச்சாட்டு: 'தொற்றுநோய் உள்ளவன்போல் தோன்றிய அழுக்கான கூலியாள் ஒருவன் அடுப்பங்கரையில் உட்கார வைக்கப்பட்டான்.' அந்தக் கூலியாள் யார் என்று பணிவுடன் கேட்டேன். அது விசாரணைக்குத் தேவையற்றது என்றார். ஐந்து நாளில் வேறெந்த அசுத்தத்தையும் அவர் காணவில்லை. கடையிலிருந்த ஒரே அசுத்தம் தாம்தான் என்று அவரே எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கையில், அதை மறுக்க எனக்குத் துணிவில்லை.

5. அழுக்குடையுடன் வருவோரை இனி உள்ளே விடக்கூடாது, மீறினால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவாயிற்று. மறுவாரமே, பந்திங் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து நடந்தே வந்த சின்னையா என்பவர் வாசலில் நின்று சோறு கேட்டார். ஜெய்னுதீன் அவர் காலையும் நகத்தையும் உற்றுப் பார்த்தான். திரு. டொமினிக்கின் வேஷத்தைவிட இது நேர்த்தி என்று தீர்மானித்தான்.

"இந்த வேஷமெல்லாம் பாத்தாச்சு. ஆபீசுல போய்ச் சாப்புடுங்கய்யா" என்றான்.

சின்னையா வந்த வழியே திரும்பினார். நாலடி நடந்து சாக்கடையோரம் விழுந்தார். ஜெய்னுதீன்தான் தோளில் தூக்கிக் கடைக்குள் கொண்டுவந்தான். அன்று முழுதும் அவனே அவருக்குக் கஞ்சி ஊட்டினான். தான் உண்ணவில்லை.

6. ஆகவே தங்கள் உத்தரவை மீறியிருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க இன்னொரு இன்ஸ்பெக்டர் மழையில் நனைய வேண்டாமென்று நானே எழுதித் தெரிவிக்கிறேன்.

குற்றச்சாட்டை நீக்கி, உத்தரவை ரத்துசெய்து, சோதிக்க வருவோர் தம் சொந்த உடுப்பிலேயே வர ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அடுப்படியும் தண்ணீர்த்தொட்டியும் அவர்களுக்கு எந்நேரமும் திறந்திருக்கும். லைசென்ஸைப் பறிப்பதே முடிவானால் தலைவணங்கி ஏற்பேன். ஆனால் கடைக்குள் படுத்திருக்கும் சின்னையாவுக்கு இன்னும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. அவர் நடக்கும் நாள்வரை, கதவைப் பூட்ட வரும் சிப்பந்திகள் பொறுத்தருள வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14-9-1931.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
செ. மு. கிஃபாயத்துல்லா
(கையொப்பம்)