தோல் பிதுக்கின மொச்சை ஹம்மஸ்

ஃப்ரிட்ஜ்ல நீலக் கிண்ணத்துல ஹம்மஸ் இருக்கு. இந்தத் தடவை கொண்டைக்கடலை போடல. அதோட தோல் தொண்டையில சிக்கி நீ பட்ட பாடு போதும். மொச்சையை ஊறவெச்சு, ஒவ்வொண்ணா தோல் பிதுக்கி, வேகவெச்சு, வறுத்த எள்ளும் பூண்டும் சேர்த்து மூணு தடவை அரைச்சேன். எலுமிச்சை விடல, வாய்ப்புண்ணு எரியும். ரெண்டு ஸ்பூனாவது சாப்பிடு.

பத்து மணிக்கு நர்ஸம்மா வருவாங்க. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்திருக்கேன், நீ எழுந்துக்காதே.

"இனிமே ஊசி வேணாம், விட்டுடுங்க"ன்னு நேத்து நீ சொன்னப்ப கத்திட்டேன். மன்னிச்சுக்கோ.

பி.கு. இன்னைக்கு நான் பஸ் ஓட்டப் போகல, லீவு. டாக்டர்கிட்ட நீ சொன்னதையே சொல்லப் போறேன். அவர் மறுக்க மாட்டார்னு எனக்கும் தெரியும். அதான் இத்தனை நாள் கேக்காம இருந்தேன்.