அருள்பாண்டி முதுகில் ஒட்டிய பிளாஸ்திரி

அன்புள்ள தங்கமாரிக்கு,

ஒரகடத்திலிருந்து வனமாமலை எழுதுவது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். உன் கால் வீக்கம் வற்றியதா? இங்கே முதலாளி காரே எனக்குச் சலாம் போட்டுவிட்டுத்தான் கேட்டைத் தாண்டும்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. உன் தம்பி அருள்பாண்டிக்குக் கம்பெனி லைனில் குனிந்து குனிந்து வேலை பார்த்து முதுகுவலி. தோல் வழியாக மருந்து இறங்கும் பிளாஸ்திரியை டாக்டர் கொடுத்தார்.

“சூடு படக்கூடாதாம் அத்தான்” என்றான்.

“போலே, எனக்குத் தெரியாத வைத்தியமா?” என்று நானே ஒட்டி, சீக்கிரம் இறங்கட்டுமென்று மேலே வெந்நீர்ப் பையும் வைத்தேன். மருந்து மொத்தமாக இறங்கி, பையனுக்குக் கண் சொருகிவிட்டது. பயப்படாதே, படப்பை ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்துவிட்டார்கள். என் அதட்டலில் ஆம்புலன்ஸ் பறந்தே வந்தது.

இப்போது வேலைக்குப் போகிறான். டாக்டர் லேசான பிளாஸ்திரி மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதைக் கண்ணாடி பார்த்து அவனே ஒட்டுகிறான். நடுமுதுகுக்குக் கை எட்டவில்லை.

“குடுடே, நான் ஒட்டுதேன்” என்றால், “வேண்டாம் அத்தான், நான் பாத்துக்கிடுதேன்” என்கிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. அவனுக்கு போன் போட்டு, அத்தான் இனி டாக்டர் சொன்னபடிதான் செய்வார் என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டான்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

வனமாமலை