பத்தாம் வருடத்துப் பல்சக்கரம்

ஹால்வர், மினசோட்டா
டிசம்பர் 9, திங்கள் மாலை

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கிரஹாமும் நியூசிலாந்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கிரஹாமின் முட்டி வலி குறைந்ததா. இங்கே முழங்கால் வரை பனி, வாசல் பாதையை நானே மெதுவாக வாரிவிடுகிறேன், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுகிறேன். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஏதாவது கேட்டால் எது வசதியோ அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதைத் திருத்தும் தைரியம் வருவதில்லை. காகிதத்தில் என்றால் அடித்துத் திருத்தி எழுதலாம். இது நான்காவது படி.

நீ நிரப்பி அனுப்பிய முதியோர் இல்லத்துப் படிவம் வந்து இருபது நாளாகிறது. என் கையெழுத்து ஒன்றுதான் குறை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அம்மாவுக்காக வைத்திருக்கும் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். படிவத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் ஒன்பதாம் கேள்வியில் நின்றுவிட்டேன். ஒரு வீட்டு வேலையையாவது யார் உதவியும் இல்லாமல் தொடங்கி முடிப்பாரா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள், அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லை என்றால் மறதி நோயாளிகளை வைத்திருக்கும், கதவு பூட்டிய அந்தப் பிரிவு. நீ இல்லை என்று குறித்து, துணி துவைப்பது ஒன்றுதான் மிச்சமிருந்தது, அக்டோபரில் மெஷினைத் தவறாக இயக்கி உடைத்துவிட்டார் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். உன் மேல் குறை இல்லை, நான் சொன்னதைத்தானே எழுதினாய். நான் சொன்னது உண்மை இல்லை, கிர்ஸ்டன். மெஷினை உடைத்தது அம்மா அல்ல. நான்தான் என்று நினைக்கிறேன். அதில் என் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் எனக்கு நிச்சயமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அம்மா வழக்கம்போல் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனாள். அடுத்த வீட்டுக்காரர் பெயரும் அன்றைய தேதியும் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, ஆனால் அந்த மெஷினின் குமிழ் கைக்கு வந்துவிட்டால் விரல்களுக்கு எல்லாம் தெரியும், எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்று அவள் எண்ணுவதுகூட இல்லை. நான் மேலே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் பாரமில்லாமல் சுற்றும் ஓசை கேட்டது. நான் வேலை பார்த்த வாஷிங் மெஷின் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் அந்த ஓசையை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன், படி இறங்குவதற்கு முன்பே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. கீழே அம்மா ஈர விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். டுவேன், நான் என்னமோ மாத்தித் திருப்பிட்டேன் போல, உடைச்சுட்டேன் என்றாள். நான் பரவாயில்லை மார்லிஸ் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிறகு உன்னிடமும் அம்மா மெஷினை உடைத்துவிட்டாள் என்றே சொன்னேன், அதுதான் சுருக்கமாக இருந்தது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுவதும் நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன், நினைவிருக்கலாம். கம்பெனிதான் அனுப்பியது. எங்கள் மெஷின் நின்றுபோன வீடுகளில் உட்கார்ந்து, வாங்கி எத்தனை வருடம், எப்படி நின்றது, அடுத்து எதை வாங்குவீர்கள் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு வீடு. எல்லா வீட்டிலும் காபியும் கேக்கும் கொடுத்தார்கள். மெஷின் ஆறு வருடத்தில் நின்ற வீடுகளில் நல்ல கோபம் இருந்தது, எங்க வீட்டுக்காரர் கடைக்காரன் சட்டையைப் பிடிக்கக் கிளம்பிட்டார், நான்தான் தடுத்தேன் என்று ஒரு பெண் சொன்னாள். ஒன்பது வருடத்தைத் தாண்டியதும் பேச்சே மாறிவிடும். பாவம், அதுவும் எவ்வளவுதான் உழைக்கும் என்பார்கள். பசங்க ஜீன்ஸையெல்லாம் ஒண்ணா அள்ளிப் போட்டது நான்தானே, வேற யாரைச் சொல்றது என்பார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஆர்டெல் என்னிடம் மன்னிப்பே கேட்டாள், நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க, எனக்குத்தான் பொருளைப் பாத்துக்கத் தெரியல என்றாள். நம் ஜில்லாக்காரர்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, குறை சொல்வதை வெட்கக்கேடாக நினைப்பவர்கள், காலை மிதித்தவனிடம் தாங்களே மன்னிப்புக் கேட்பவர்கள். நான் என் அட்டவணையில் யார் தவறு என்று ஒரு பத்தி போட்டிருந்தேன், யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது, ஒழுங்காக இருக்கட்டும் என்று. பத்தாம் வருடத்துக்காரர்களில் பாதிக்கு மேல் தங்கள் மேல்தான் பழி போட்டிருந்தார்கள். அதோடு அவர்கள் மறுபடியும் எங்கள் மெஷினையே வாங்கினார்கள்.

மேலாளர் அந்தப் பத்தியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். அதுவரை நாங்கள் பித்தளைப் பல்சக்கரம் போட்டுக்கொண்டிருந்தோம், அது இருபத்தைந்து வருடம் ஓடும். அதை நைலானில் வரையச் சொன்னார், பத்து வருடக் கணக்கில் தடிமன் வைக்கச் சொன்னார். நைலான் ஓசை குறைவு, எடை குறைவு, அது பொய் இல்லை. பத்து வருடம் உழைக்கும் சக்கரம் கேட்டார் என்று சொன்னாலும் சரி, பத்து வருடத்தில் தேயும் சக்கரம் கேட்டார் என்று சொன்னாலும் சரி. நான் முதலாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வரைந்து, மூலையில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டேன். அன்று மறுத்திருந்தால் வேறு யாராவது வரைந்திருப்பார்கள் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். நம் வீட்டு மெஷினுக்கு அக்டோபரில் பத்து வருடம் ஏழு மாதம். என் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

மெர்லைக் கூப்பிட்டேன், கம்பெனியில் அச்சு வார்த்தவன், இப்போது பழுது பார்க்கிறான். மெஷினைக் கவிழ்த்துச் சக்கரத்தை வெளியே எடுத்தான், பல் எல்லாம் கரைந்து சோப்பு போல் வழவழவென்று இருந்தது. யோவ் இஞ்சினியரு, உன் புள்ளை உன்னையே தேடி வந்திருக்குய்யா பார் என்று சிரித்தான். மாற்றுச் சக்கரம் கிடைக்குமா என்றேன். நிறுத்தி ஆறு வருசமாச்சு, பழுது பாத்தா அப்புறம் எவன் புதுசு வாங்குவான், உனக்குத் தெரியாததா என்றான். மூன்று வாரம் கையால் கசக்கிப் பிழிந்தோம், அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதனால் அவளை அழைத்துக்கொண்டு புது மெஷின் வாங்கப் போனேன். இந்தத் தந்திரங்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன், ஒரு காலத்தில் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். வாசலிலேயே மிக விலை உயர்ந்ததை நிறுத்தியிருப்பார்கள், முதலில் பார்த்த விலை அளவுகோலாகிவிடும், அடுத்தது மலிவாகத் தோன்றும். மூன்று வைத்தால் நடுவில் இருப்பதையே எடுப்போம். இழப்பு வரும் என்று பயம் காட்டினால், பழுது வந்தால் சரிசெய்து தரும் காப்புத் திட்டத்திலும் கையெழுத்துப் போடுவோம். எல்லாம் தெரிந்தே போனேன், நடுவில் இருந்ததை வாங்கினேன், ஐந்து வருடக் காப்புத் திட்டத்தோடு. நீங்க கரெக்டா செலக்ட் பண்ணிட்டீங்க சார், விவரமானவங்க எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க என்று விற்பனைப் பையன் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா மட்டும் அதன் முன்னால் நின்று, குமிழே இல்லாத கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். எதைத் திருப்பறது என்று கேட்டாள். எதையும் திருப்பவே வேண்டாம் மேடம், எல்லாம் போன்லயே பண்ணிக்கலாம் என்றான் அவன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் அதைத் தொடவில்லை. இதையும் உடைச்சுடுவேன் டுவேன், வேண்டாம் என்றாள்.

அந்த வாரத்தில்தான் உன் படிவம் வந்தது. மெர்லிடம் போய்ப் பித்தளையில் ஒரு சக்கரம் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். பழைய அளவுகள் இன்னும் மனப்பாடம், எழுதிக் கொடுத்தேன். இதை அன்னிக்கே வரைஞ்சிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, தன் கடைசல் பட்டறையில் இரண்டு நாளில் வெட்டிப் பொருத்திக் கொடுத்தான். பழைய மெஷின் ஓடுகிறது. ஆனால் அம்மா கீழே இறங்க மறுத்தாள், நான் உடைச்ச மெஷின்கிட்ட என்னை ஏன் மறுபடியும் அனுப்பறே என்றாள். அவள் மறதியின் கொடுமை அதில்தான் இருக்கிறது, டாக்டர் சொன்னது மறந்துவிடுகிறது, நீ பேசியது மறந்துவிடுகிறது, தான் உடைத்தோம் என்பது மட்டும் மறப்பதில்லை.

அதனால் நவம்பர் கடைசித் திங்கட்கிழமை, காலை உணவுக்குப் பிறகு, எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ந்த நைலான் சக்கரத்தை மேஜையில் வைத்து, வரைபடத்தின் நகலையும் வைத்து, என் முதலெழுத்துகளைக் காட்டினேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நீ எப்பவுமே இப்படித்தான், என் தப்பையெல்லாம் உன் பேர்ல எழுதிக்குவே என்றாள். அடுத்த திங்கள் மறுபடி முதலிலிருந்து சொன்னேன், அப்போதும் அதேதான், வார்த்தைகூட மாறவில்லை. இன்று மூன்றாம் முறை. இன்று வரிசையை மாற்றி, வீடு வீடாகப் போனதிலிருந்து தொடங்கினேன். ஆர்டெல் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னதும் அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவ கையால காபி வாங்கிக் குடிச்சியா என்று கேட்டாள். குடித்தேன் என்றேன். குடிச்சிட்டு வந்து இதையா வரைஞ்சே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மாவை அப்படி நான் பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. வெக்கமா இல்ல உனக்கு, ரெண்டு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டிருக்கேன், நீ பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா, எந்திரி, தள்ளு, வழியை விடு என்றாள். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். நான் பின்னால் போனேன். நீ கீழ வந்தே, நடக்கறதே வேற என்று சொல்லிக் கதவை என் முகத்துக்கு நேரே சாத்திவிட்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குமிழ் திரும்பியது, தண்ணீர் விழுந்தது, மெஷின் ஓடியது, நின்றது, உலர்த்தும் மெஷின் ஓடியது. வழக்கமாக ஒன்றரை மணி நேரம், இன்று மூன்று மணி நேரம் பத்து நிமிடம். இடையில் இரண்டு முறை நீண்ட நேரம் சத்தமே இல்லை, நான் கதவைத் திறக்கவில்லை. அம்மா மடித்த விரிப்புகளோடு மேலே வந்தாள், ஓரங்கள் நேராக இருந்தன. ஒரு சிவப்புக் காலுறை கலந்துபோய் ஒரு தலையணை உறை மட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டது. மதியம் முழுவதும் என்னோடு பேசவில்லை. மாலையில் எதற்காகக் கோபம் என்பது மறந்துவிட்டது, சூப் சூடாக இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆகவே ஒன்பதாம் கேள்வியில் உன் பதிலை அடித்துவிட்டு, ஆம் என்று பேனாவால் எழுதி, இன்றைய தேதி போட்டு, மெஷின் நின்றதற்கான காரணத்தையும் எழுதியிருக்கிறேன். தலையணை உறையையும் எழுதினேன், மறைக்கக் கூடாது. செப்டம்பரில் அடுப்பை அணைக்க மறந்தாள் என்று நீ எழுதியது உண்மை, அதைத் தொடவில்லை. இந்த ஆம் எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியாது, ஒரு குளிர்காலமாவது நிற்கலாம், நான் தவறாகவும் இருக்கலாம். நீ வேண்டாம் என்றால் வியாழக்கிழமைக்குள் போன் செய், இந்தக் கடிதத்தையும் படிவத்தையும் இன்றே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுகிறேன். என் மேல் கோபம் வந்தால் அதையும் போனில் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிரஹாமைப் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொல். வீட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் முதலில் திறந்து பார்க்கச் சொல்லி ஒருவரைக் கூப்பிடுங்கள், பழுதின் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடவுள் உங்கள் இருவரையும் காப்பாராக, அம்மாவின் முத்தங்களும் இதில் இருக்கின்றன, அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். இன்று சொன்னதும் அவளுக்கு அடுத்த திங்களுக்குள் மறந்திருக்கும், தான் உடைத்தோம் என்பது மட்டும் திரும்ப வந்திருக்கும். அதனால் வரும் வருடத்து நாட்காட்டியில் எல்லாத் திங்கட்கிழமைகளிலும் காலை எட்டரை என்று குறித்துவிட்டேன், ஐம்பத்திரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் அவளிடம் கதையை ஆர்டெல் வீட்டிலிருந்து தொடங்குவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
டுவேன் டோர்விக்