கொராந்தான் பேசினான்

கெம்பேர்,
16 நவம்பர் 1965

அன்புள்ள மக்ஸான்ஸ்,

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் "கல்லூரி நாளிலிருந்து என்னோடு சண்டை போடும் ஒதீலுக்கு" என்று உன் கோணல் எழுத்தில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பள்ளியில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். "பாரிஸே இவரப் பத்தித்தான் பேசுதாம், உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று வரலாறு டீச்சர் வாயைப் பிளந்தாள்.

சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து 'பேச்சிழந்தவர்கள்' படித்தேன். பைத்தியம் என்று பெயர் வைத்து இந்த நாடு யார் யார் வாயை அடைத்தது என்று முதல் மூன்று அத்தியாயங்களில் எழுதியிருக்கிறாயே, அப்படி நம் தலைமுறையில் யாரும் எழுதவில்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

நான்காம் அத்தியாயத்தில் வரும் மீனவன் என் தம்பி கொராந்தான். பெயரை மறைத்ததற்கு நன்றி. ஆனால் இப்படி எழுதியிருக்கிறாய்: "அவனிடம் மொழி இல்லை. அலை கரையை உரசுவது போல ஒரு முணுமுணுப்பு மட்டும் இருந்தது. அந்த முழு மௌனத்தின் முன் என் மொழி வெட்கப்பட்டது."

மக்ஸான்ஸ், அது பிரெத்தோன் மொழி. எங்கள் வீட்டு மொழி. அப்பாவின் படகு கவிழ்ந்த வருடத்திலிருந்து கொராந்தான் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பள்ளியில் அடி வாங்கிக் கற்ற மொழி அது. முதலில் அதைத்தான் கழற்றிப் போட்டான். ஊர்ப்பக்க மனநோயாளர் விடுதியில் இடமில்லை என்று அவனை நார்மண்டியில் அடைத்தார்கள். அங்கே அவன் பேச்சு புரிந்தவர் ஒருவரும் இல்லை.

நீ என்னோடு அவனைப் பார்க்க வந்த அன்று, நான் டாக்டரிடம் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது நீ அவனோடு தனியாக இருந்தாய். திரும்பி வந்தபோது உன் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுமே பேசல ஒதீல், ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றாய். போன வாரம் போய் அவனிடமே கேட்டேன். அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அந்த பாரிஸ்காரரா? அக்காகிட்ட சொல்லுங்க, என்னைய நம்ம ஊர்ப்பக்கம் மாத்தச் சொல்லுங்கன்னேன். இங்க பேச ஆளில்ல, சாப்பாட்டுல உப்பில்லன்னேன். அவரு பாட்டுக்கு அழ ஆரம்பிச்சுட்டாரு. எதுக்குங்க அழுவுறீங்கன்னு கேட்டேன். அதுக்கும் பதில் சொல்லல. பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ!"

இதைப் பற்றி 'விளிம்பு' இதழில் எழுதப் போகிறேன். பிறர் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

மாறாத அன்புடன்,
ஒதீல்


பாரிஸ்,
24 நவம்பர் 1965

என் அருமை ஒதீல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நடந்தேன். முதலில் கொராந்தானிடம் என் மன்னிப்பைச் சொல். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இனி நம் சண்டைக்கு வருவோம். நீ சொன்னது என் வாதத்தை உடைக்கவில்லையே, பலப்படுத்தத்தானே செய்கிறது? ஒருவன் மொழியை மௌனமாக்கும் அளவுக்கு இந்த விடுதிகள் கெட்டிக்காரத்தனமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

கட்டுரையை எழுது. ஆனால் கல்வியாண்டு முடியும் ஜூன் வரை பொறு. ஏன் என்று உனக்குத் தெரியும். இங்கே பேராசிரியராக இருக்கும் கிழவர் வோக்லாங் என் கழுத்தைக் கவ்வக் காத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பிலேயே "பெலியார் பயலுக்குத் தத்துவமும் வராது, சரித்திரமும் வராது, அதான் ரெண்டுக்கும் நடுவுல நின்னு கவிதை எழுதுறான்" என்றாராம். பையன்கள் வந்து சொன்னார்கள். அவர் கையில் உன் கட்டுரை கிடைத்தால் என்னை மட்டுமா புதைப்பார்? பைத்தியக்காரர்களை இருட்டில் அடைப்பது அநியாயம் என்று இப்போதுதான் நாலு பேர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியையும் சேர்த்துப் புதைப்பார்.

இன்னொன்று. இங்கே ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகிறது. தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். ஜூனில் முடிவு. உன் பெயரை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மழைக்கும் மாணவிகளின் கொட்டாவிக்கும் நடுவில் நீ அங்கே வீணாகிறாய் என்பது எனக்கு இன்றும் வருத்தம். அதையும் இதையும் முடிச்சுப் போடாதே.

உன்னைக் கட்டிக்கொள்கிறேன்.
மக்ஸான்ஸ்


கெம்பேர்,
14 டிசம்பர் 1965

அன்புள்ள மக்ஸான்ஸ்,

முடிச்சை நான் போடவில்லை. ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதியது நீ.

என் மாணவிகள் கொட்டாவி விடுகிறார்கள்தான். ஆனால் புரியாத இடத்தில் கை தூக்கி "புரியல டீச்சர்" என்பார்கள். அந்தப் பழக்கம் உங்கள் பக்கம் இல்லை.

உன் வாதத்துக்கு வருகிறேன். விடுதி அவன் மொழியை மௌனமாக்கியது என்கிறாய். சரி. அப்படியானால் அதை எழுதியிருக்க வேண்டும். நீ எழுதியது "அவனிடம் மொழி இல்லை" என்று. "எனக்குக் காது இல்லை" என்று எழுதவில்லை. வாயை அடைத்தவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டு, நடுவில் ஒருவன் வாயை நீயே அடைத்திருக்கிறாய். அதுவும் புத்தகத்திலேயே அழகான வாக்கியத்தால்.

இது நமக்குள் நடக்கும் பேச்சாக இருந்தால் ஜூன் வரை பொறுத்திருப்பேன். போன வியாழக்கிழமை நார்மண்டிக்குப் போயிருந்தேன். தம்பியை இங்கே மாற்றச் சொல்லி மறுபடியும் மனு கொடுத்தேன். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. மேசை மேல் உன் புத்தகம்.

"மதாம், நம்ம விடுதியே புத்தகத்துல வந்துருச்சு பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். அதுல எழுதினது தப்பு. என் தம்பி பேசுவான்."

"அக்கா பாசம், எனக்குப் புரியுது. ஆனா முசே பெலியாரே எழுதிட்டாரே, மொழியே இல்லன்னு. இவ்வளவு பெரிய மனுஷர் நேர்ல பாத்துச் சொன்னதுக்கு அப்புறம் நான் என்னன்னு மாத்தி எழுதுறது? பேச்சே இல்லாதவருக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

மனுவை நிராகரித்து, காரணமாக உன் பக்க எண்ணைக் குறித்து வைத்தார். என் கண் முன்னால்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த டாக்டருக்கு ஒரு வரி எழுது. "அன்று அவர் பேசினார், எனக்குப் புரியவில்லை" என்று எழுது, போதும். அந்த வரி போனால் கட்டுரையை ஜூன் வரை பூட்டி வைக்கிறேன். கிறிஸ்துமஸ் வரை காத்திருப்பேன். பதில் வரவில்லை என்றால் ஜனவரி இதழுக்குக் கொடுத்துவிடுவேன்.

விரிவுரையாளர் வேலைக்கு வேறு யாரையாவது பார்.

ஒதீல்


பாரிஸ்,
7 பிப்ரவரி 1966

ஒதீல்,

அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் டாக்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். ஒரே வாரத்தில் வோக்லாங் வீட்டுக்கு நகல் போயிருக்கும். நண்பி என்றால் அது உனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உன் கட்டுரை வந்துவிட்டது. சந்தோஷமா? செவ்வாயன்று அரங்கம் நிறைந்த கூட்டம். நான் பேசிக்கொண்டிருக்கையில் பின்வரிசையில் ஒரு பயல் எழுந்து, "முசே, ஒரே ஒரு சந்தேகம். உங்களுக்கு பிரெத்தோன் தெரியுமா?" என்றான். அரங்கமே சிரித்தது. என் மாணவர்களும்தான்.

அடுத்த இதழில் என் பதில் வருகிறது. நீ முன்கூட்டிச் சொன்னதால் நானும் சொல்கிறேன். "மாகாணப் பள்ளி ஆசிரியை ஒருவரின் குடும்பப் பாசம், தத்துவத்தின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது" என்று தொடங்குகிறது. முடிவு அதைவிடக் காரமாக இருக்கும்.

உன் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

மக்ஸான்ஸ் பெலியார்


கெம்பேர்,
3 மே 1966

மக்ஸான்ஸ்,

முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருந்தாய். யாரோ என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன்.

உன் பதிலைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், திட்டக்கூட உனக்கு அழகாகத்தான் வருகிறது. 'மாகாணப் பள்ளி ஆசிரியை' என்ற வரியை வகுப்பில் கரும்பலகையில் எழுதி, இதில் வாதம் எது, வசை எது என்று பிரிக்கச் சொன்னேன். வாதம் எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறர் திரித்துச் சொல்லும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் விடுமுறையில் வோக்லாங் ரயிலேறி இங்கேயே வந்துவிட்டார். கடைவீதியில் ஒரு தோசைக்கடையில் சந்தித்தோம். இரண்டு கலேத் தோசையை வாயில் அடைத்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சரம்மா, என்ன போடு போட்டீங்க! அதத் தனிப் புத்தகமாப் போடுவோம். முன்னுரை நான் எழுதுறேன். அந்தப் பயலும் அவன் கூட்டமும் இதோட காலி."

"என் தம்பி பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"யாரு? ஓ, அந்தப் பைத்தியமா? பேரு கட்டுரையில இல்லியே..."

"மூணு தடவ வருது. நீங்க பெலியாரத் திட்டின இடத்த மட்டும் படிச்சிருக்கீங்க."

"அட, அத விடுங்க. அடுத்த வருஷம் என் பக்கம் ஒரு இடம் காலியாகுது..."

"உங்க ரெண்டு பேருக்கும் காலி இடத்தத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தோசைக்கு அவரே கொடுக்கட்டும்.

உன் முதல் மூன்று அத்தியாயங்களை அவர் அடிப்பதற்கு என் கட்டுரை கைத்தடி ஆகாது. நீயும் அதை மறந்துவிடாதே: நான் உன் எதிரியின் ஆள் இல்லை, உன் ஆளும் இல்லை.

இனி நல்ல செய்தி. கட்டுரையை இங்கத்திய நாளிதழ் எடுத்துப் போட்டது. எங்கள் ஊரில் கொதித்துப் போனார்கள். யாரோ மேலிடத்தில் கேள்வி கேட்க, கொராந்தானை மார்ச் கடைசியில் இந்தப் பக்கத்து விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். புதிய டாக்டர் எங்கள் துவார்னெனே துறைமுகத்துப் பையன். கொராந்தானைப் பார்த்ததும் பிரெத்தோனில் "என்ன அண்ணே, மத்தி இந்த வருஷம் எப்ப வரும்?" என்று கேட்டாராம். அதன் பிறகு அவர்தான் பேச்சை நிறுத்த வழி தேட வேண்டியிருந்ததாம்.

ஒதீல் லெ கெனெக்


பாரிஸ்,
19 அக்டோபர் 1966

ஒதீல்,

வோக்லாங்கை நீ தோசைக்கடையில் விட்டுவிட்டு எழுந்த கதை இங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னைப் பற்றி அச்சில் எழுதிய அந்த வரியைப் படிக்க இப்போது எனக்கே கூசுகிறது.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வசந்தத்தில் வருகிறது. நான்காம் அத்தியாயத்தை முழுவதும் எடுத்துவிட்டேன். பதிப்பாளர் கத்தினார், விற்பனையே அதனால்தானாம். கேட்கவில்லை. இனி அவனைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. நீ கேட்டதைவிட அதிகமாகவே செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அந்த வேலைக்கு வந்தவர் விலகிவிட்டார். இடம் இன்னும் இருக்கிறது. பழையபடி நேரில் உட்கார்ந்து சண்டை போடலாம், வா. உன்னைப் போல என்னைத் திட்ட இங்கே ஆளில்லை.

கொராந்தான் எப்படி இருக்கிறான்?

உன்
மக்ஸான்ஸ்


துவார்னெனே,
6 நவம்பர் 1966

அன்புள்ள மக்ஸான்ஸ்,

அந்த வரியைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நன்றி. என்னைத் திட்டியது எனக்குப் பெரிதில்லை.

ஆனால் நான்காம் அத்தியாயத்தை எடுக்கச் சொல்லி நான் எங்கே கேட்டேன்? முதல் பதிப்பில் அவனுக்குப் பேச்சில்லை. இரண்டாம் பதிப்பில் அவனே இல்லை. இதை ஒரு பரிகாரமாக என்னிடம் கொண்டுவருகிறாயே! தப்பு நடந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, விளக்கணைத்து, கதவைச் சாத்திவிட்டு, பார் எவ்வளவு அமைதி என்கிறாய். இதைத்தானே உன் முதல் மூன்று அத்தியாயங்களில் மற்றவர்கள் செய்ததாகக் கிழித்திருக்கிறாய்?

அத்தியாயம் இருக்கட்டும். உன் அழகான வாக்கியமும் இருக்கட்டும். அதன் கீழே அவன் அன்று சொன்னதைப் போடு, முதலில் பிரெத்தோனில். உனக்குப் புரியவில்லை என்பதையும் உன் கையாலேயே எழுது. வோக்லாங் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பயந்து பின்வாங்கும் தத்துவம் எனக்கு எதற்கு?

வேலைக்கு வரமாட்டேன். நீ இதை அச்சிடும் நாளில் நேரில் வந்து உன்னோடு விடியும்வரை சண்டை போடுவேன். அதுவரை எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

கொராந்தான் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தாய். செப்டம்பரில் வெளியே வந்துவிட்டான். சித்தப்பா மகனோடு துறைமுகத்தில் வலை பின்னுகிறான். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். உனக்கு எழுதப் போகிறேன் என்றதும், "நானும் அவருக்கு ஒண்ணு சொல்லணும்" என்றான். அவன் சொல்லச் சொல்ல, மாற்றாமல், அவன் மொழியிலேயே தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு வரி.

அதை உனக்கு மொழிபெயர்க்க மாட்டேன். மோம்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி உள்ள ஹோட்டல்களில் எங்கள் ஊர்ப் பெண்கள்தான் பாத்திரம் தேய்க்கிறார்கள், உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். போய் யாரிடமாவது கேள்.

ஒதீல்