நான் சொன்ன ‘எஸ்’

ஜூன் 10, செவ்வாய்

இன்று எங்கள் மாங்கூழ் ஆலையில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு முதன்முறையாக வீடியோவில் நானே பேசினேன். தரச் சோதனை என் பொறுப்பு. ஒரு மாதமாகப் பாலக்கோடு பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகிய ஆங்கிலம் நன்றாகத்தான் வந்தது.

கடைசியில் அவர், சோதனையில் தேறாத பன்னிரண்டு டிரம்மையும் நீங்கள் அனுப்பவில்லையே என்று கேட்டார். ஆமாம், அனுப்பவில்லை என்ற நினைப்பில் "எஸ் சார்" என்றேன். அவர் முகம் மாறியது. மறுபடியும் கேட்டார். நான் இன்னும் அழுத்தி "எஸ்" என்றேன். ஆர்டரையே நிறுத்துவதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"என்னம்மா சொல்லிட்டீங்க? அனுப்பலைன்னா இங்கிலீஷ்ல ‘நோ’ன்னு சொல்லணும். ‘எஸ்’னா அனுப்பிட்டோம்னுல்ல அவரு எடுத்துக்கிட்டாரு" என்றார் மேலாளர்.

போனோடு கிடங்குக்கு ஓடி, வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்து, டிரம்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "நாட் சென்ட் சார். ஆல் ஹியர்" என்றேன். பன்னிரண்டையும் எண்ணிய பிறகுதான் "ஓகே" என்றார்; மீதியை நாளைக் காலை பேசலாம் என்றும் சொன்னார். ஆர்டர் தப்பியது.

"நாளைக்கு நானே பேசிக்கிறேன், நீங்க பக்கத்துல இருங்க" என்றார் மேலாளர்.

"இல்லைங்க சார், நானே பேசறேங்க."

எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. "காலைல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேலாளர் கிளம்பினார். காலை பத்து மணிக்கு மறுபடி அழைப்பு. கேமரா முன்னால் யார் உட்காருவது என்று இன்னும் முடிவாகவில்லை.