சுக்குட்டிக் கீரையும் எஸ்டேட் கையும்

ஏனுங்க,

எமரால்டு ஊர்ல இருக்கிற அக்கா ஊட்டுக்குப் போறேன். நாலு மணி பஸ்ஸுல வந்துருவேன். சாதம் குக்கர்ல, கீரைக் கடைசல் சட்டியில. வாய்ப்புண்ணுக்கு இதமா இருக்குதுன்னு ஒரு வாரமா தினமும் ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அதேதான். இன்னிக்கோட தீர்ந்துது.

நேத்து சமையக்கட்டுக்குப் பின்னால "களை, களை"ன்னு வேரோட பிடுங்கி வீசினீங்களே, அதுதானுங்க அந்தச் சுக்குட்டிக் கீரை, அதான் மணத்தக்காளி. நான் நட்டதில்ல, தானா முளைச்சது. சொல்ல வாயெடுத்தேன். தோட்டத்துல குப்பை வளர்க்கிறேன்னு என்னையத்தான் திட்டினீங்க. இருபது வருசம் எஸ்டேட்டுல களையெடுப்பு பார்த்த கண்ணுக்குத் தேயிலை தவிர எல்லாமே களைதான். நல்லவேளை, நான் ஒரே இடத்துல நிக்காம நடமாடிட்டு இருக்கேன்.

கோபமெல்லாம் இல்ல. கொஞ்சம்தான்.

சாப்பிட்டுட்டுத் திரும்ப வேலைக்குப் போறப்ப சாவியை மீட்டர் பெட்டி மேல வெச்சிருங்க.

பாலாமணி

இன்னொண்ணு. பிடுங்குன செடியை மண்ணு போக நல்லா உதறினீங்க பாருங்க, கறுத்த பழமெல்லாம் அங்கேயே கொட்டிக் கிடக்குது. அடுத்த மழைக்குத் தோட்டம் பூரா முளைக்கும். எல்லாம் நீங்க விதைச்சதுதான். அப்பக் குப்பைன்னு சொல்ல வாயைத் திறக்காதீங்க, சாப்பிட மட்டும் திறங்க.