ட்ரீக்கு

14 ஜூன் 1957, வெள்ளி

காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கங்காணி வானத்தைப் பார்த்துட்டு, "இன்னிக்கும் ட்ரீக்குதாங்க தொரை"ன்னார். விடாத தூறல், பனிமூட்டம், வெயில் தலைகாட்டாத நாள். அதுக்கு எங்க தேயிலைத் தோட்டத்துல அந்தப் பேருதான். ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போன பழைய தொரைகிட்ட இருந்து எல்லார் வாயிலயும் ஒட்டிக்கிச்சு.

அதைக் கேட்டுட்டிருந்த, லண்டன்ல இருந்து வந்த புதுத் தொரை, அப்புறம் ஆபீஸ்ல கணக்கெழுதிக்கிட்டிருந்த என்னைக் கேட்டார். "கிளாக்கர், அது என்ன தமிழ் வார்த்தை?"

"இங்கிலீஷுங்க."

"எங்க இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணு இல்லையே"ன்னு சிரிச்சார்.

தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. இப்பவும் தூறுது. ஜன்னலுக்கு வெளிய மலை பாலாக் கரைஞ்சு போகுது, அந்த வார்த்தையும் அதுல எங்கயோ மிதக்குது.

எங்க ஊரு வார்த்தைங்கன்னு சொல்லியிருக்கலாம். உங்க ஊரு எதுன்னு கேட்டிருந்தா, கடலுக்கு இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் பிரஜாவுரிமை இல்லாத நான் எந்தப் பக்கம் கை காட்டியிருப்பேன்?